வடிகட்டியைத் தாண்டி வந்தது என்ன?

மார்ச் பிறந்துவிட்டால் திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் புராஜெக்ட் வேலை குவியும். எம்.எஸ்சி. மாணவர்கள் பென்டிரைவும் கையுமாக நிற்பார்கள். ஸ்பைரல் பைண்டிங் இயந்திரத்துக்கு ஓய்வு இருக்காது. மைக்ரோபயாலஜி புராஜெக்ட் என்றால் அட்டையைப் புரட்டாமலே தலைப்பைப் பாதி ஊகித்துவிடலாம். ஏதோ ஓர் இலைச் சாறு எந்தக் கிருமியை எத்தனை மில்லிமீட்டருக்குத் தடுத்தது என்று ஒன்று. தோல் ஷாப் கழிவுநீர் பாய்ந்த மண்ணில் குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியா எது கிடைத்தது என்று இன்னொன்று. இந்தத் தலைப்புகளைக் குறை சொல்வதற்கில்லை. தோல் ஷாப்புகள் நிலத்தடி நீரைக் கெடுத்த ஊரில் குரோமியம் பற்றிக் கேட்காமல் வேறெதைக் கேட்பது?

ஆனால், அந்த மாணவர்கள் அத்தனை பேரும் தினமும் ஒரு பொருளைத் தெரியாமலே கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாக்டீரியா வளர்ந்த திரவத்தைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் செல்கள் அடியில் படியும். வேண்டியது அதுதான் என்று அதை எடுத்துக்கொள்வார்கள். மேலே தெளிந்து நிற்கும் திரவம் ஆட்டோகிளேவில் வெந்து, கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். அதில் கோடிக்கணக்கில் மிதப்பவைதான் சவ்வுப்பைகள். ஆய்வுக்கூடப் பேச்சில் வெசிக்கிள். பாக்டீரியாவே தன் மேற்சவ்வைக் கிள்ளி வெளியே விடும் நுண்ணிய பைகள் இவை.

அளவைச் சொன்னால்தான் சிக்கல் புரியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2,000 நானோமீட்டர். வெசிக்கிளின் குறுக்களவு பெரும்பாலும் 20 முதல் 250 நானோமீட்டர் வரை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. பாக்டீரியாவைப் பார்க்கலாம், அது விட்ட பையைப் பார்க்க முடியாது.

திண்டுக்கல் போன்ற மாவட்டத்தில் இந்த ஆய்வு நடக்க முடியும், நடக்கவும் வேண்டும். பாக்டீரியா இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்குபேட்டரும் இருக்கிறது. கருவியை எட்டிப் பிடிக்கும் வழி சரியாக இல்லை. அதைவிட முக்கியமாக, "கண்டுபிடித்துவிட்டேன்" என்று எழுதுவதற்கு முன் தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்துகொள்ளும் பழக்கம் நம் வகுப்பறைகளில் வளரவில்லை. முதல் குறையைப் பணத்தால் தீர்க்கலாம். இரண்டாவது குறைக்கு, இந்தத் துறையின் இந்தியக் கதையே நல்ல பாடம்.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. காலரா கிருமியை 1884-ல் ராபர்ட் கோக் அங்கேதான் ஆராய்ந்தார். அது ஏதோ நஞ்சை வெளிவிடுகிறது என்பது அவரது ஊகம். அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. 1959-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் சம்புநாத் டே, காலரா கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை முயலின் கட்டப்பட்ட சிறுகுடல் துண்டுக்குள் செலுத்தினார். கிருமி இல்லாமலே குடல் நீரால் வீங்கியது. வாந்திபேதியில் மனிதரை வற்றவைப்பது கிருமி வெளிவிடும் நஞ்சுதான் என்று உறுதியானது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரை இன்று மருத்துவ வரலாற்றில் நிலைத்த ஒன்று. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். இந்தியாவிலோ 1985-ல் டே இறக்கும்வரை அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கௌரவமும் கிடைக்கவில்லை. நம்மூர் வழக்கம்.

டேயின் சோதனை வடிநீரை மதிக்கக் கற்றுக்கொடுத்தது. கிருமியை நீக்கிய பிறகும் திரவத்தில் சங்கதி இருக்கிறது. அந்தத் திரவத்தில் கரைந்த நஞ்சு மட்டும்தான் இருந்ததா? வடிகட்டியின் துளையில் நுழைந்து வரக்கூடிய வேறு ஏதாவதும் இருந்ததா? இதற்கு விடை தேட மின்னணு நுண்ணோக்கி வேண்டும்.

அதிலும் கல்கத்தாதான் முந்திக்கொண்டது. மேகநாத சாகாவின் ஊக்கத்தில் நீரஜ்நாத் தாஸ்குப்தா 1940-களில் இந்தியாவின் முதல் மின்னணு நுண்ணோக்கியை அங்கே உருவாக்கினார். விலைக்கு வாங்கிப் பொருத்திய பெட்டி அல்ல. ஆராய்ச்சியாளர்களே நின்று கட்டியெழுப்பிய கருவி. அதைச் சுற்றி மெல்லிய வெட்டு எடுக்கத் தெரிந்தவர்கள், சாயமேற்றத் தெரிந்தவர்கள், படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் என ஒரு தலைமுறையே அந்நகரில் உருவானது.

அந்த மரபில் வந்தவர்கள் ஸ்மிருதி நாராயண் சாட்டர்ஜியும் ஜே. தாஸும். காலரா கிருமியை வளர்த்து, மிக மெல்லிய துண்டுகளாகச் சீவி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்லின் வெளிச்சுவர் அங்கங்கே பூரி உப்புவதைப் போல உப்பி, அடியில் இறுகி, தனிப் பையாகக் கழன்று விலகுவதை வரிசையாகப் படம் பிடித்தார்கள். 1967-ல் பிரிட்டனின் 'ஜர்னல் ஆஃப் ஜெனரல் மைக்ரோபயாலஜி'யில் அது வெளியானது.

இவர்களுக்கு முன் யாரும் இப்படி ஒன்றைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். இங்கிலாந்தில் எலிசபெத் வொர்க்கின் குழு 1965, 66 ஆண்டுகளில் ஈ.கோலையில் இதே மாதிரியான பைகளைக் கண்டிருந்தது. ஆனால், அவர்கள் வளர்த்த ஈ.கோலை லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாத வகை. அந்த லைசினையும் குறைத்து, பட்டினி போட்டு வளர்த்திருந்தார்கள். அந்தச் செல்களின் சுவர் கோணலாகி உதிர்வதில் வியப்பில்லை என்று ஒருவர் சொல்லிவிட முடியும். கல்கத்தா இணையின் தனிச் சிறப்பு இங்கேதான். தங்கள் கிருமி பட்டினியிலும் இல்லை, சாகவும் இல்லை. வழக்கமாக வளரும் கட்டத்திலேயே இதைச் செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இது நோயின் அறிகுறியா, வாழ்க்கையின் பகுதியா என்ற கேள்வியை முன்வைத்து அதற்கு ஆதாரத்தோடு பதில் சொன்னார்கள். படம் அழகாக இருந்தது என்பதற்காக இன்று அவர்களை நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆனாலும், உலகம் அவ்வளவு எளிதில் நம்பிவிடவில்லை. வெசிக்கிளைச் செல் உடைந்த குப்பை என்று ஒதுக்கியவர்கள் பல்லாண்டுகள் இருந்தார்கள். 1973-ல் டீவோவும் கில்கிறிஸ்டும் மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ் தன் நஞ்சைப் பைபையாக உதிர்ப்பதைக் காட்டினார்கள். ஈ.கோலை, காலரா போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளிச்சவ்வு உண்டு, கிள்ளிவிடலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள்கூட, தடித்த சுவருள்ள கிராம் பாசிட்டிவ் வகைகள் எப்படிப் பையை வெளியே தள்ளும் என்று கேட்டார்கள். 2009-ல் கொரியக் குழு ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் வெசிக்கிள்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் புரதங்களைப் பட்டியலிட்ட பிறகே அந்த வாய்கள் ஓய்ந்தன. சாட்டர்ஜி தம் முதிய வயதில், 2012-ல், கேயா சவுத்ரியுடன் சேர்ந்து இந்தப் பைகளைப் பற்றியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். கேயா சவுத்ரியின் கொல்கத்தா ஆய்வுக்கூடம் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், காலரா நஞ்சு வெசிக்கிளோடும் சேர்ந்து பயணித்து மனிதக் குடல் செல்லுக்குள் நுழைவது தெரிந்தது. டே வடிகட்டிய நீரில் இந்தப் பைகளும் இருந்திருக்கும். அவர் தேடியது வேறு.

குப்பை என்று ஒதுக்கிய பொருள் இதற்குள் மருந்துக் குப்பிக்குள் போய்விட்டது. பி-வகை மெனிங்கோகாக்கஸுக்குத் தடுப்பூசி செய்வது கடினம். அதன் மேல் சர்க்கரை உறை நம் உடலின் சர்க்கரையையே ஒத்திருப்பதால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகப் பார்ப்பதில்லை. எனவே கியூபாவும் நார்வேயும் 1980-களில் கிருமியின் வெளிச்சவ்வுப் பைகளையே தடுப்பூசியாக்கின. நியூசிலாந்து 2004-ல் தன் நாட்டில் பரவிய வகைக்கென்று ஒன்றைப் போடத் தொடங்கியது. அதே பைகள் இன்று பெக்ஸெரோ என்ற தடுப்பூசியின் ஓர் அங்கம். இந்தப் பைகளால் எதிர்பாராத லாபமும் கிடைத்தது. நியூசிலாந்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மெனிங்கோகாக்கஸின் உறவுக்காரக் கிருமியால் வரும் வெட்டை நோயும் குறைவாகவே வந்திருந்தது. 2017-ல் வெளியான ஆய்வு அந்தப் பாதுகாப்பைச் சுமார் 31 சதவீதம் என்று கணக்கிட்டது. இங்கிலாந்து 2025 ஆகஸ்டில் பெக்ஸெரோ வகைத் தடுப்பூசியை வெட்டை நோய்க்கு எதிராகவே கொடுக்கத் தொடங்கிவிட்டது. கொல்கத்தாவில், முன்பு நைசெட் என்று அழைக்கப்பட்ட ஐ.சி.எம்.ஆர். நிறுவனம், சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கு இதே வழியில் தடுப்பு மருந்து தேடிவருகிறது.

இது தடுப்பூசிப் பக்கம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு இன்னும் நெருக்கமான பக்கம் ஒன்று உண்டு.

2010-ல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை டெல்லி அரசியல்வாதிகளைக் கொதிக்க வைத்தது. கடைசி ஆயுதம் என்று வைத்திருக்கும் மெரோபெனெம், இமிபெனெம் போன்ற மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றியது அது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த நொதியுள்ள கிருமிகள் சென்னையிலிருந்து மட்டும் 44 கிடைத்திருந்தன. நொதிக்கு 'நியூ டெல்லி' என்று தலைநகரின் பெயர் வைத்தது சரியா என்ற சண்டையில் ஊடகங்கள் மூழ்கிவிட, அது எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி ஓரத்துக்குப் போனது.

2016-ல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரிலிருந்து அலெஹாந்த்ரோ வீலாவின் குழு ஒரு விடை சொன்னது. இந்த வகை நொதிகள் பெரும்பாலும் செல்லின் இரு சவ்வுகளுக்கும் இடையே மிதப்பவை. என்.டி.எம்.-1 அப்படியில்லாமல் வெளிச்சவ்விலேயே நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சவ்வு பையாகக் கழலும்போது நொதியும் கூடவே வெளியேறுகிறது. அந்தப் பைகள், மருந்தைத் தாங்கும் திறன் இல்லாத அக்கம்பக்கத்துக் கிருமிகளையும் காப்பாற்றின. ஸ்பெயினில் ஒரு குழு 2011-லேயே அசினெட்டோபாக்டரின் பைகள் மருந்தெதிர்ப்பு மரபணுவையே ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்ப்பதைக் காட்டியிருந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தில் ஹேரம்ப் குல்கர்ணி, ஜகன்னாதம் ஆகியோரின் ஆய்வில் ஈ.கோலையின் பைகள் சில ஆன்டிபயாட்டிக்குகளிலிருந்து மற்றக் கிருமிகளுக்குக் கவசமாக நின்றன.

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. அங்கே வரும் சிறுநீர், சளி, புண் மாதிரிகளில் கிருமி வளர்ப்பு அன்றாட வேலை. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று அறிக்கை கொடுத்ததும், பொதுவாக எந்த மருத்துவமனையிலும், தட்டு ஆட்டோகிளேவுக்குப் போகும். அது பாதுகாப்பான நடைமுறை, தேவையானதும்கூட. ஆனால், அடங்காத கிருமிகளில் ஒரு துளியைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டால் பத்தாண்டு கழித்தும் அது பேசும். மாவட்டத்தின் மருந்தெதிர்ப்பு வரலாறே ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும். கேரளம் 2018-ல் மருந்தெதிர்ப்புக்கு மாநில அளவிலான செயல்திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டு மாவட்டக் கல்லூரிகள் ஓர் ஃப்ரீசரில் தொடங்கலாம்.

இனி, வெசிக்கிளை அடையாளம் காணும் வேலைக்கு வருவோம். ஏனென்றால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இரவு முழுவதும் குலுக்கி வளர்த்த ஈ.கோலை குழம்பு காலையில் கலங்கலாக இருக்கும். அதைச் சாதாரண சென்ட்ரிஃப்யூஜில் இரண்டு முறை சுற்றிச் செல்களை அகற்றுவார்கள். பிறகு 0.45 அல்லது 0.22 மைக்ரான் வடிகட்டி. 0.22 மைக்ரான் என்பது 220 நானோமீட்டர். பெரிய பைகள் அதிலேயே மாட்டிக்கொள்ளும், ஆகவே எந்த வடிகட்டி என்பதை எழுதாத அறிக்கைக்கு மதிப்பில்லை. வடிநீரில் ஒரு சொட்டை அகார் தட்டில் பரப்பி, மறுநாள் ஒரு காலனிகூட வரவில்லை என்று பார்க்க வேண்டும். வந்தால் மொத்தமும் திரும்ப.

அதன் பிறகு அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ். புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் மடங்கு விசையில் சில மணி நேரம். அந்த விசையில் ஒரு கிராம் பொருள் 150 கிலோவாக அழுத்தும். எதிரெதிர்க் குழாய்களின் எடை துல்லியமாகச் சமமாக இல்லாவிட்டால் ரோட்டர் ஆடும், கருவியே போகும். ஓடி முடித்த குழாயை வெளியே எடுத்தால் முதல் தடவை பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். அடியில் மண்டியாக ஏதும் தெரியாது. ஒரு பக்கச் சுவரில், கண்ணாடிபோல மெலிந்த, லேசான தேன் நிறப் படலம் மட்டும் ஒட்டியிருக்கும். சில சமயம் அதுவும் தெரியாது. அதனால் பழகியவர்கள் சுற்றுவதற்கு முன்பே குழாயின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைப்பார்கள். படலம் அந்தக் கோட்டுப் பக்கம்தான் இருக்கும் என்று நம்பி, நூறு, இருநூறு மைக்ரோலிட்டர் பஃபரைப் பீச்சி அந்த இடத்தைக் கழுவி எடுப்பார்கள். கோடு போட மறந்தவர் வெசிக்கிளைத் திரவத்தோடு சேர்த்துக் கவிழ்த்துவிடுவார்.

அந்தச் சொட்டில் ஒன்றை, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலைத்தட்டில் வைத்து, யுரேனைல் அசிடேட் போன்ற கன உலோகச் சாயத்தில் நனைத்து, உலர்த்தி, மின்னணு நுண்ணோக்கிக்குள் செலுத்துவார்கள். இருண்ட பின்புலத்தில் வெளிர் வட்டங்கள் தெரியும். சில கிண்ணம்போலக் குழிந்திருக்கும்; உலர்ந்ததில் நசுங்கியவை அவை. மாணவருக்கு மகிழ்ச்சி தாங்காது. படம் அப்படியே ஆய்வேட்டில் ஏறும், "வெசிக்கிள்கள் உறுதிப்படுத்தப்பட்டன" என்ற வரியோடு.

உறுதிப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஐம்பது, அறுபது நானோமீட்டர் வட்டமாகத் தெரிவதற்கு வேறு பல பொருள்களுக்கும் உரிமை உண்டு. பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருந்த ஃபேஜ் வைரஸின் தலை கிட்டத்தட்ட அதே அளவு. வால் உடைந்திருந்தால் அதுவும் வட்டம்தான். திரண்ட புரதக் கட்டி இருக்கலாம். எல்லாவற்றையும்விட மோசமான சந்தேகம், வளர்ப்புக் குழம்பின் மீது. எல்.பி. என்ற வழக்கமான வளர்ப்புக் குழம்பில் ஈஸ்ட் சாறு இருக்கிறது. ஈஸ்டும் ஓர் உயிர்தான். அதை உடைத்துச் செய்த பொடியில் நானோ அளவுத் துகள்கள் ஏராளம். பாக்டீரியாவே போடாத குழம்பை அதே வடிகட்டியில் வடித்து, அதே வேகத்தில் சுற்றி, அதே சாயத்தில் நனைத்துப் பார்த்தால், அங்கேயும் வெளிர் வட்டங்கள் தெரியக்கூடும். இந்த வெற்றுக் குழம்புச் சோதனைக்குக் கூடுதல் செலவு ஒரு குழாய்தான். அதைச் செய்யாத ஆய்வேட்டில் எத்தனை படம் இருந்தாலும் என்ன?

நானோ துகள்களை எண்ணித்தரும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. லேசர் ஒளியில் துள்ளும் புள்ளிகளைப் பின்தொடர்ந்து, மில்லிலிட்டருக்கு இத்தனை கோடி என்று அழகான வரைபடம் தரும். ஆனால், புள்ளி பையா புரதமா என்று அதற்குத் தெரியாது. கேட்க ஒரு வழி உண்டு. டிரைட்டன் போன்ற சோப்பு வகையைச் சேர்த்தால் கொழுப்புச் சவ்வு கரையும், எண்ணிக்கை விழும். விழாவிட்டால் எண்ணியது பையை அல்ல. அடர்த்திப் படிநிலை திரவத்தில் மிதக்கவிட்டு, எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. வெளிச்சவ்வுக்கே உரிய ஓம்ப்-ஏ போன்ற புரதம் ஜெல்லில் தெரிகிறதா, செல்லுக்குள் மட்டும் இருக்க வேண்டிய புரதம் தெரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. செல்-வெளிப் பைகளை ஆராயும் சர்வதேசச் சங்கம் இப்படிப்பட்ட குறைந்தபட்சத் தேவைகளை 2014-ல் வெளியிட்டு, 2018, 2023 என்று இரண்டு முறை திருத்தியிருக்கிறது. உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களிலேயே தவறுகள் மலிந்ததால்தான் அந்த விதிகள் எழுந்தன. திண்டுக்கல் மாணவர் தயங்க வேண்டியதில்லை.

செத்த செல்லின் குப்பையா, உயிருள்ள செல் விட்ட பையா என்ற 1967-ஆம் ஆண்டுக் கேள்வியும் ஓயவில்லை. இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 2016-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, சூடோமோனாஸ் செல்களில் சில திடீரென்று உருண்டு வெடிப்பதையும், சிதறிய சவ்வுத் துண்டுகள் சுருண்டு தாமாகவே பைகளாக மூடிக்கொள்வதையும் உயிரோட்டமான காணொளியாகவே பிடித்தது. ஆக, சாவிலிருந்தும் பை பிறக்கிறது. அதை வேறு வகை என்று இப்போது தனியே பெயரிடுகிறார்கள். கிருமி எந்த நிலையில் வளர்ந்தது என்ற குறிப்பு இல்லாமல் எந்த வெசிக்கிள் கணக்குக்கும் அர்த்தமில்லை என்பதே இதன் பொருள்.

இந்தக் குறிப்பு நம் ஊர்களில் ஏன் கூடுதல் முக்கியம் என்றால், கரண்ட் போகும். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றால் குலுக்கும் இன்குபேட்டரும் நிற்கும். காற்று குறையும், சூடு இறங்கும், பாக்டீரியா திணறும். திணறும் பாக்டீரியா பைகளை வேறு அளவில் விடும். காலையில் வந்து பார்ப்பவருக்குக் குழம்பு வழக்கம்போலக் கலங்கலாகத்தான் தெரியும். இன்குபேட்டரோடு ஒரு சிறு வெப்பப் பதிவுக் கருவியை இணைத்துவிட்டால் திருட்டு பிடிபடும். விலை சில ஆயிரங்கள். அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் கேட்டு விண்ணப்பம் எழுதும் துறைத் தலைவர்கள் இதை முதலில் வாங்கட்டும்.

மாவட்ட மருத்துவமனையில் படுக்கைக்கே தட்டுப்பாடு, இதில் நானோ பை ஆராய்ச்சி யாருக்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னணு நுண்ணோக்கி வாங்கச் சொன்னால் அது பைத்தியக்காரத்தனம்தான். விலை கோடிகளில், அதைவிடப் பராமரிப்பு ஆளை விழுங்கும். பழுதாகி, உறை போட்டு மூடிய கருவிகள் நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. இன்னும் ஒன்று வாங்கி மூடிவைப்பதால் யாருக்கும் பயனில்லை.

கேட்பது வேறு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 60 கிலோமீட்டர்தான். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் எல்லோருக்குமான நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையம் இருக்கிறது. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்ய மத்திய அரசு 2020-ல் ஐ-ஸ்டெம் என்ற இணையவாசலையும் திறந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் கட்டணம் மாணவரின் கைக்காசு. முன்பதிவு கிடைப்பதற்குள் படிப்பே முடிந்துவிடும். கடைசியில் சாம்பிளைக் கொடுத்துவிட்டு மின்னஞ்சலில் நான்கு படங்களை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். எந்த இடத்தைப் படம் பிடித்தார்கள், எதை விட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. வெற்றுக் குழம்பைப் பார்க்கச் சொல்லவும் வாய்ப்பில்லை. இப்படித்தான் அழகான படங்களும் பலவீனமான ஆய்வேடுகளும் பிறக்கின்றன.

அரசு நிதியில் வாங்கிய ஒவ்வொரு பெரிய கருவியும் மாதத்தில் ஒரு நாளையாவது வெளிக்கல்லூரி மாணவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம். அன்று மாணவர் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும். படங்களை மட்டும் அனுப்பிவைப்பது கூடாது. வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதல் கேள்வியாக வெற்றுக் குழம்பின் படத்தைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கேட்டால், மூன்றாம் ஆண்டு கேட்காமலே வரும்.

காந்திகிராமம் இதற்குப் பொருத்தமான இடம். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டி அருகே தொடங்கிய அந்த முயற்சியில் 1956-ல் கிராமிய நிறுவனம் பிறந்தது, 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சௌந்தரம் அடிப்படையில் மருத்துவர். கிராமத்துக்குத் தரமான மருத்துவம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே வந்தவர். மருத்துவக் கல்லூரி கிருமியை அடையாளம் கண்டு கொடுக்க, காந்திகிராமமும் சுற்றியுள்ள கலைக் கல்லூரிகளும் ஆய்வுப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம். நோய்க்கிருமியில்தான் கைவைக்க வேண்டும் என்பதும் இல்லை. தீங்கற்ற ஆய்வுக்கூட ஈ.கோலை வகையில் கைப்பழக்கம் வந்த பிறகு, பயறு வேர்முடிச்சு பாக்டீரியாவுக்கும், பேகம்பூர் பக்கத்துத் தோல் ஷாப் மண்ணில் ஏற்கெனவே பிரித்துவைத்த குரோமியம் தாங்கும் வகைகளுக்கும் போகலாம். குரோமியம் பட்டதும் அந்தக் கிருமி விடும் பைகள் கூடுகின்றனவா, பைகளின் மேல் உலோகம் ஒட்டுகிறதா என்பதை, அந்த மண்ணை மிதித்துக் கல்லூரிக்கு வரும் மாணவரைவிடப் பொருத்தமாகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

சாம்பிளைக் கொண்டுபோவதும் பெரும்பாடு அல்ல. கழுவி எடுத்த வெசிக்கிள்கள் நான்கு டிகிரியில் சில நாள் தாங்கும். அடிக்கடி உறையவைத்து உருக்குவதுதான் ஆகாது. ஐஸ் பெட்டியில் வைத்து மதுரை பஸ்ஸில் ஏறினால் காலைக்குள் போய்ச் சேரலாம். சாயமேற்றி உலர்த்திய வலைத்தட்டு அதைவிடச் சௌகரியம். அதற்குரிய சிறு பெட்டியில் வாரக்கணக்கில் இருக்கும். முன்பதிவு கிடைக்கும் நாள்வரை அவசரமில்லை. கருவிக் கட்டணத்தையும் பஸ் கட்டணத்தையும் மாணவர் செயல்திட்ட நிதியில் தனி இனமாகச் சேர்த்து, அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜுக்கு மட்டும் மாவட்டத்தில் ஒரு பொது இடத்தை முடிவு செய்துவிட்டால், வருகிற ஜூனில் முதலாண்டு சேரும் எம்.எஸ்சி. வகுப்பிலிருந்தே தொடங்கிவிடலாம்.